இரண்டு மூட்டைக் காய்கள்

(யூபிலி ஆண்டின் குடும்ப நாள் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



குடும்ப நாளன்று யுத்தத்தைப் பற்றிப் பேசவேண்டுமா என்று தாய்மார் சிலர் முகம் சுளிக்கலாம். நாம் பேச வந்தது போர்க்களத்தைப் பற்றியன்று. போருக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர்களைப் பற்றியே.

1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. சண்டை நடந்ததோ கடல் கடந்து, வெகுதொலைவில். ஆயினும் ஆறு மாதம் ஆகுமுன்னே போர் அடுக்களைக்குள் வந்துவிட்டது. 1942 மே மாதம் சர்க்கரைக்குப் பங்கீடு. பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களே உட்கார்ந்து பெயர் பதிந்து, ஆளுக்கொரு பங்கீட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். தொட்டில் குழந்தைக்கும் ஒன்று. வாரத்துக்குத் தலைக்கு அரை பவுண்டு. ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய உங்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. பின்பு காப்பி, இறைச்சி, வெண்ணெய் எல்லாம் அவ்வாறே ஆயின. 1943-ல் சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் போட்டார்கள். பிள்ளைகள் மிட்டாய்க் காசைச் சேர்த்துப் பள்ளியில் 10 சென்ட் தபால்தலை போன்ற போர்ச் சேமிப்பு வில்லைகள் வாங்கி ஒட்டினார்கள். 18 டாலர் 75 சென்ட் சேர்ந்தால் ஒரு பத்திரம், பத்து ஆண்டில் அது 25 டாலர்.

இவையெல்லாம் நல்ல சிக்கனம்தான். ஒன்றுதான் நம் மனத்தை உறுத்துகிறது. இறைச்சி வறுத்த சட்டியில் மிஞ்சும் கொழுப்பைத் தாய்மார் ஒரு தகர டப்பாவில் வடித்து, இறைச்சிக் கடையில் கொடுக்க வேண்டும். கடைக்காரர் காசு கொடுப்பார். 1943 முடிவிலிருந்து பங்கீட்டுப் புள்ளிகளும் சேர்த்துக் கொடுத்தார். அந்தக் கொழுப்பிலிருந்து கிளிசரின், கிளிசரினிலிருந்து வெடிமருந்து. இதை மக்களுக்குச் சொல்லித்தர 1942-ல் மின்னி மவுஸை வைத்துப் படமே எடுத்தார்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பார்த்திருப்பார்கள். அந்த டப்பாவைக் கடைக்குத் தூக்கிச் சென்ற சிறுவன் என்ன நினைத்திருப்பான்? வீட்டுக்கு உதவுகிறோம் என்றுதான் நினைத்திருப்பான். அவனை நாம் குறைசொல்ல மாட்டோம். நியாயமான போர் என்றே வைத்துக்கொண்டாலும், அதில் ஒரு குழந்தையின் கை எதுவரை போகலாம் என்பது நமக்கு இன்றும் தீராத கேள்வி.

வீட்டிலிருந்தோர் கொடுத்தவை டப்பாவும் காசும் மட்டுமல்ல. அயோவா மாநிலத்தில் வாட்டர்லூ என்ற ஊரில் சல்லிவன் என்ற கத்தோலிக்கக் குடும்பம். தந்தை ரயில்வே ஊழியர். ஐந்து ஆண்பிள்ளைகளும் ஒரே கப்பலில் வேலைசெய்ய விரும்பிக் கடற்படையில் சேர்ந்தார்கள். 1942 நவம்பர் 13-ல் சாலமன் தீவுகளருகே ‘ஜூனோ’ என்ற அந்தக் கப்பல் மூழ்கியது. ஐவரும் மாண்டார்கள். மூத்தவர் ஜார்ஜ் மூழ்கியவுடனே இறக்கவில்லை. சில நாள் கடலில் தத்தளித்தே இறந்தார். அவரைப்போல் ஏறத்தாழ நூறு பேர் அலைகளில் மிதந்துகொண்டிருந்தார்கள். பல நாள் கழித்துக் கடலிலிருந்து மீட்கப்பட்டவர்கள் பத்தே பேர். செய்தி வீட்டுக்கு வந்தது 1943 ஜனவரியில். தாய் அலெட்டாவும் தந்தை தாமஸும் அதன்பின் தொழிற்சாலை தொழிற்சாலையாகச் சென்று தொழிலாளரிடம் பேசினார்கள். ஐந்து பிள்ளைகளை இழந்த ஒரு தாயை மேடையில் ஏற்றியது சரியா என்று கேட்கலாம். ஆனால் அவரே விரும்பிப் போனார் போலும். துக்கத்தோடு தனியே வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அது மேலாக இருந்திருக்கலாம்.

கடலில் விழுந்தவனைத் தாங்குவது மிதவைச் சட்டை. அதற்குள் அக்காலத்தில் அடைத்தது வேறெதுவுமல்ல, நம் தலையணையில் இருக்கும் இலவம்பஞ்சு. அது பெரும்பாலும் ஜாவாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் கையில் விழவே பஞ்சு வரத்து நின்றது. அப்போது அமெரிக்க வயலோரங்களில் முளைக்கும் ஒரு களைச்செடி நினைவுக்கு வந்தது. நம் எருக்குக்கு உறவான செடி. ஒடித்தால் பால் வடியும், காய் முற்றினால் பட்டுப்போல் பஞ்சு. நம் பிள்ளைகள் எருக்கம்பஞ்சை ஊதி விளையாடுகிறார்களே, அதே போல். அந்த இழை உள்ளே குழலாகவும் மேலே மெழுகு பூசினாற்போலவும் இருப்பதால் நீரில் மிதக்கும். போரிஸ் பெர்க்மன் என்ற சிகாகோ மருத்துவர் இதை எடுத்துச் சொல்ல, மிச்சிகன் மாநிலத்துப் பெட்டாஸ்கியில் பஞ்சு பிரிக்கும் ஆலை ஏற்பட்டது.

வயலுக்குப் போய்க் காய் பறிக்க ஆள்? பெரியவர்கள் போரிலும் ஆலையிலும் இருந்தார்கள். ஆகவே 1944-ல் பள்ளிப் பிள்ளைகளை அழைத்தார்கள். வெங்காயச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியோரம், ரயில் பாதையோரம் எல்லாம் அலைந்தார்கள். பறித்த காய்களைச் சாக்கோடு கம்பிவேலியில் மாட்டிக் காயவைத்தார்கள். மூட்டைக்கு 15 சென்ட், காய்ந்திருந்தால் 20. கைமுழுதும் பால் ஒட்டிக்கொள்ளுமே, தாய்மார் என்ன திட்டியிருப்பார்களோ! அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்றே: இரண்டு மூட்டைக் காய்க்கு ஓர் உயிர். ஒரு சட்டைக்கு வேண்டிய பஞ்சு அவ்வளவில் கிடைத்துவிடும்.

எந்த மாலுமியின் மார்பில் அது ஏறியது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. கொழுப்பு டப்பாவைத் தூக்கிய அதே கைதான் இந்தச் சாக்கையும் தூக்கியது. இரண்டையும் கேட்டவர்களும் அதே பெரியவர்கள்தான்.

1945-ல் போர் முடிந்தது. பெட்டாஸ்கி ஆலை மூடப்பட்டது, செடி மறுபடியும் களையாயிற்று. சர்க்கரைப் பங்கீடு மட்டும் 1947 ஜூன் வரை நீடித்தது.