செடியைப் படித்த கண்ணாடிக்காரர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தாவரவியல் படிச்சு என்ன செய்யப் போறே?" இந்தக் கேள்வியை நம்மில் பலர் கேட்டு வளர்ந்தவர்கள். இன்றும் கேட்கிறார்களாம். அவர்களுக்கு எமில் காலேயைக் காட்டலாம்.

1846-இல் பிரான்சின் நான்சி நகரில் பிறந்தவர். அப்பாவுக்குக் கண்ணாடி, பீங்கான் வியாபாரம். மகன் அதையும் கற்றார், செடிகளையும் முறையாகப் படித்தார். 1900-இல் பாரிசில் கூடிய தாவரவியல் மாநாட்டில் தம் வட்டாரத்து ஆர்க்கிட் செடிகளைப் பற்றிக் கட்டுரை அளித்தார். அதே ஆண்டு, அதே பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய கண்ணாடி வேலைக்குப் பெரும்பரிசு!

அழகுப் பூக்களோடு அவர் நிற்கவில்லை. கொத்தமல்லி பூத்துப் பார்த்திருப்பீர்களே, குடை விரித்தாற்போல? அந்தக் குடும்பத்துக் காட்டுச் செடிகளை அலமாரியிலும் மேசையிலும் ஏற்றினார். தண்டின் வரி, கணு, கிளை பிரியும் இடம் எல்லாம் மரத்தில் தெரியும். சும்மா அழகுக்கு ஒட்டிய பூ அல்ல அது.

குடுவை செய்த விதத்தைக் கேளுங்கள். ஒரு நிறக் கண்ணாடிமேல் வேறு நிறக் கண்ணாடியை அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். இலை இருக்கவேண்டிய இடத்தை மட்டும் அமிலம் தொடாதபடி பூசி மறைத்து, ஹைட்ரோபுளூரிக் அமிலத்தில் இடுவார்கள். மற்ற இடம் அரிக்கப்பட, இலை மேலெழுந்து நிற்கும். நல்ல உருப்படி என்றால் பிறகு சிறு சக்கரத்தால் நரம்பு நரம்பாகச் செதுக்குவார்கள். நம் வேதியியல் துறையினரும் இதில் பங்கு கேட்கலாம்!

செடிக்கு அரசியலும் உண்டு. 1871-இல் அல்சாசும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனி வசம் போயின. பிரான்சிடமே தங்கிய நான்சி எல்லையோர ஊராயிற்று. அந்த ஊரின் சின்னம் திசில் என்னும் முட்செடி. காலே அதைத் தம் வேலைகளில் திரும்பத் திரும்ப வைத்தார். இழந்த மண்ணைப் பற்றி மேடையேறிப் பேசவேண்டியதில்லை. முள்ளைப் பார்த்ததும் ஊர்க்காரர்களுக்குப் புரிந்தது.

லலீக்கின் தும்பி நகை, கிமார் பாரிஸ் மெட்ரோ வாசல்களில் வளர்த்த இரும்புத் தண்டுகள், இவற்றையும் சொல்ல ஆசைதான். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஒன்று மட்டும். 1904-இல், ரத்தப் புற்றுநோயால் 58 வயதில் மறைவதற்குச் சற்று முன், காலே ஒரு கட்டில் செய்தார். பெயர் 'விடியலும் அந்தியும்'. தலைமாட்டில் அந்தி, கால்மாட்டில் விடியல், இரண்டிலும் சிறகு விரித்த பூச்சிகள். சிறகுக்குப் பல நிற மரத் துண்டுகளை இழைத்திருக்கிறார். உடலுக்கு முத்துச்சிப்பியும் கண்ணாடியும். இன்றும் நான்சி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.