அம்மாவின் பாதம்

(தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்து, குவைத்தில் நர்ஸாக ஊழியம் செய்யும் சகோதரி ஒருவர், கிறிஸ்துமஸ் விடுமுறையில் நம் ஆஸ்பத்திரியின் ஸ்தோத்திரக் கூட்டத்தில் பேசியது.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஊசி போடச் சொன்னால் போடுவேன். "நடந்ததைச் சொல்லும்மா, அது போதும்" என்று டாக்டர் ஐயா சொன்னதால் நிற்கிறேன்.

நான் குவைத்துக்குப் போய் 11 வருஷம் ஆகிறது. இந்த முறை 3 வருஷம் கழித்துத்தான் லீவு கிடைத்தது. 2021-இல் மெட்ரோ ரயில் நீட்டிக்கப்பட்ட பிறகு விமான நிலையத்தில் ஏறினால் நம் பேட்டையிலேயே பூமிக்கடியில் இறங்கலாம். பெட்டிகளோடு மேலே வந்தேன். நம் ஊர்க் காற்று முகத்தில் அடித்தது, மீன் வாடையும் லாரிப் புகையுமாக. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபை 'தொண்டியார்' என்று ஜனங்கள் அழைத்ததால்தான் இந்தப் பேட்டைக்கு இந்தப் பெயர் என்று சொல்வார்கள். வெளியூரிலிருந்து வந்தவரின் பெயரைத் தாங்கிய ஊர், வெளியே போன என்னையும் மறக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மாவோடு போனில் பேசுவேன். "எப்படிம்மா இருக்கீங்க?" என்பேன். "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன், நீ வேளைக்குச் சாப்பிடு" என்பார்கள். சர்க்கரை மாத்திரைக்கு மாதந்தோறும் பணம் அனுப்பினேன். வீடியோவிலும் பார்த்தேன். முகத்தைத்தான் பார்த்தேன், கால் தெரியவில்லை.

வந்த இரண்டாம் நாள் ராத்திரி, பாய் விரிக்கும்போது ஒரு வாடை வந்தது. நர்ஸுக்கு அந்த வாடை தெரியும். அம்மா புடவையால் காலை மூடிக்கொண்டார்கள். விலக்கிப் பார்த்தேன். வலது பாதத்தில் மஞ்சள் பற்று, மேலே பழைய வேட்டித் துணிக் கட்டு. அவிழ்த்தால் விரல்களுக்கடியில் குழி. காசிமேட்டில் மீன் வாங்கி வரும்போது ஏதோ குத்தியிருக்கிறது. வீட்டுக்கு வந்து தரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கே தெரிந்ததாம்.

"இவ்வளவு வலியை என்னிடம் ஏம்மா மறைச்சீங்க?" என்று கத்திவிட்டேன். "வலிக்கலையேடி" என்றார்கள்.

அந்த ஒரு சொல்தான் என்னை உட்கார வைத்தது. பிற தேசத்தில் தினமும் எத்தனை பேருடைய பாதங்களைப் பிடித்துப் பார்க்கிறேன்! வருஷக்கணக்கான சர்க்கரை நரம்பைக் கெடுக்கும், பாதம் மரத்துப்போகும், ஆணி ஏறினாலும் தெரியாது என்று அங்கே எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். என் தாயாருக்கு நான் சொல்லவில்லை. பணம் அனுப்பினேன்.

வேலூரில் ஊழியம் செய்த டாக்டர் பால் பிராண்ட் அவர்களை உங்களில் அநேகர் அறிவீர்கள். மிஷனரி பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். 1923-இல், 9 வயதில், படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்டார். 1929-இல் தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் மலேரியா முற்றி மலையிலேயே மரித்தார். மரணச் செய்தி முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டது. தகப்பனார் எழுதிய கடிதங்களோ கப்பலில் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தனவாம். தூர தேசத்துக் கடிதம் எவ்வளவு உண்மை சொல்லும் பாருங்கள்! தாயார் ஈவ்லின் அம்மையார் பிற்காலத்தில் மலைகளுக்கே திரும்பி வந்து ஊழியம் செய்தார். மகன் 1946-இல் வேலூருக்குத் திரும்பி வந்து குஷ்டரோகிகளின் கால்களைக் கவனித்தார். அழுகுவது மாம்சத்தின் சுபாவத்தால் அல்ல, வலி தெரியாததால் காயம் கவனிக்கப்படாமல் போகிறது என்று கண்டுகொண்டார். அவர்களுக்காக உண்டான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் கொடுக்கிறோம். என் அம்மா அதைத்தான் போட்டுக்கொண்டு இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையிலேயே இங்கே கொண்டுவந்தோம். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பாதத்தைக் கர்த்தர் காப்பாற்றினார். இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்பார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நாங்கள் சபைக்குப் போகவில்லை. வார்டிலேயே பாட்டுப் பாடினோம். ராகம் கொஞ்சம் தப்பித்தான் போயிற்று.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தாயார். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், காலமாகிவிட்டார். அவர்களுக்கும் அதே காயம், அதே மஞ்சள் பற்று. வெளிநாட்டுப் பிள்ளையும் இல்லை, உள்நாட்டுப் பிள்ளையும் இல்லை. உங்கள் காணிக்கையினால் நடக்கும் ஏழை நோயாளர் நிதியிலிருந்து அவர்களுக்கு மருந்தும் செருப்பும் கிடைத்தன. நான் காசு கொடுத்தேன், அவர்கள் கொடுக்கவில்லை. கட்டுக் கட்டிய கை ஒன்றுதான். அந்த நிதி குறைந்துகொண்டு வருகிறதென்று கேள்விப்பட்டேன். என் ஒரு மாதச் சம்பளத்தை ஆபீசில் கொடுத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உங்களையும் கேட்பதற்காகச் சொல்கிறேன்.

மோவாபிலிருந்து திரும்பிய நகோமி, தான் பட்டதை ஊர்ப் பெண்களிடம் ஒளிக்கவில்லை. நம் தாய்மாரோ பிள்ளைகளிடம் ஒளிக்கிறார்கள். ஆகவே லீவுக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, பெட்டியைத் திறக்குமுன் அம்மா அப்பாவின் பாதத்தைப் பாருங்கள். விரலிடுக்கில் பாருங்கள். வெந்நீரில் காலை வைக்குமுன் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்லுங்கள்.

இதற்குத்தான் எங்கள் வீட்டில் இப்போது சண்டை. ஜெபம் பண்ணுகிற வீட்டில் செருப்பா என்கிறார்கள் அம்மா. வரும் செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். இனி வெள்ளிக்கிழமை வீடியோவில் முதலில் காலைக் காட்ட வேண்டும், பிறகுதான் முகம் என்று பேசி வைத்திருக்கிறோம்.