தண்டவாளத்தின் விலை



கருத்தரங்குக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களை நேற்றிரவு படித்தேன். விளையாட்டில் ரயில் எப்படித் தடம் தேர்கிறது என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் மிகக் குறுகிய பாதையைக் காணும் டைக்ஸ்ட்ராவின் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையில் தொடங்கி, 1968இல் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் தந்த ஏ ஸ்டார் என்ற வழிகாணும் முறையில் வந்து நிற்கிறீர்கள். தவறில்லை. ஆனால் அது தராசைப் பற்றிய பேச்சு. எடைக்கற்களை, அதாவது அந்த முறை கூட்டிப் பார்க்கும் எண்களை, யாரும் தொடவில்லை. அதனால் நான் அவற்றைப் பற்றியே பேசுகிறேன்.

எடுத்துக்கொள்வது ஓப்பன் டிடிடி என்ற கணினி விளையாட்டு. கிறிஸ் சாயர் பெரும்பாலும் அசெம்பிளி மொழியிலேயே எழுதி 1994இல் வெளிவந்த டிரான்ஸ்போர்ட் டைக்கூனின் வாரிசு; 2004 முதல் திறமூலமாக வளர்கிறது. தமிழ் இடைமுகமும் உண்டு. அதன் வழிகாணிக்கு 'இன்னுமொரு வழிகாணி' என்ற பொருளில் யாப்ஃப் என்று பெயர். தமிழ்க் காதில் அது யாப்பு என்றே விழுகிறது, பொருத்தமில்லாமலும் இல்லை.

இந்த ரயிலுக்கு ஊர் தெரியாது, நேரம் தெரியாது. பாதை பிரியும் இடத்தில் ஒரு கணக்குப் போடும். நேராக ஒரு கட்டம் கடக்க 100 புள்ளி. மூலையை வெட்டிப் போகும் அரைக்கட்டத்துக்கு 71. இரண்டின் வர்க்கமூலம் அங்கே ஒளிந்திருக்கிறது. மென்வளைவுக்கு 100, செங்கோணத் திருப்பத்துக்கு 600, ஏற்றத்துக்கு 200, லெவல் கிராசிங்குக்கு 300. எதிர்ப்படும் முதல் சிக்னல் சிவப்பானால் 1000 அபராதம், அதற்கு மேல் ஒரு 500. கூட்டுத்தொகை எந்தப் பக்கம் குறைவோ, அந்தப் பக்கம் போகும்.

மெயின் லைனில் 20 கட்டம், முதல் சிக்னல் சிவப்பு, மற்றவை பச்சை என்று வையுங்கள்: 3500. பக்கத்தில் லூப் லைன் 30 கட்டம், நான்கு மென்வளைவு, வழியெல்லாம் காலி: 3400. வண்டி லூப்பில் இறங்கிவிடும். அதே லூப்பை இரண்டு கட்டம் நீட்டிப் போடுங்கள். 3600. இப்போது காலியான பாதையை விட்டுவிட்டுச் சிவப்பின் முன்னால் போய் நிற்கும். பார்ப்பவர் ‘முட்டாள் ரயில்’ என்பார். ரயில் கூட்டிய கணக்கில் பிழையே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த எடைக்கல் அந்த 500தான். பழைய வகை பிளாக் சிக்னல்களில் வண்டி பத்து சிக்னல் தூரம் எட்டிப் பார்க்கும். முதல் சிவப்புக்கு 500, இரண்டாவதற்கு 405, மூன்றாவதற்கு 320 என்று இறங்கிப் பத்தாவதில் வெறும் 5. ஏன் இந்த இறக்கம்? தூரத்துச் சிவப்பு நாம் போய்ச் சேர்வதற்குள் பச்சையாகிவிடலாம். இந்த நிதானத்தை ஓர் இருபடிச் சமன்பாட்டில் அடக்கியவருக்கு ரயில் நிலையத்தில் காத்திருந்த அனுபவம் இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம், மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். நிலக்கரி வண்டிகள் மின்நிலையத்தில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிவர 70 கட்டத்துக்கு அழகான வளையம் ஒன்று போட்டேன். வளையத்தின் வாயிலிலேயே பழுதுபார்க்க ஒரு டெப்போ. ஒரு வண்டிகூட வளையத்தைச் சுற்றவில்லை. டெப்போவுக்குள் நுழைந்து, முகம் திருப்பி, வந்த வழியே வெளியே வந்தன. பின்னால் வந்த வண்டியோடு முகத்துக்கு முகம் நின்றன. அரை மணி நேரம் சிக்னலைத் திட்டித் தீர்த்த பிறகுதான் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். டெப்போவில் திரும்ப அபராதம் 5000, அதாவது ஐம்பது கட்டம். என் வளையம் எழுபது. ஒருவழிச் சிக்னல் ஒன்றை நட்டிருந்தால் அந்தக் குறுக்குவழியே இருந்திருக்காது.

2009இல் பாதைச் சிக்னல் வந்ததும் வண்டி சிக்னலின் நிறத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், அடுத்து நிற்கக்கூடிய இடம் வரை தடத்தைத் தனக்கென்று பதிவு செய்துகொள்ளவும் கற்றது. ஒரே ஜங்ஷனில் ஒன்றையொன்று வெட்டாத இரண்டு வண்டிகள் சேர்ந்து போக முடிந்தது அதனால்தான். அதைப் பற்றிப் பிற்பகல் அமர்வில் விரிவான கட்டுரை இருக்கிறது.

ஒரு குறையும் உண்டு. நிஜ ரயில்வேயில் எக்ஸ்பிரஸுக்காகச் சரக்கு வண்டியை லூப்பில் ஒதுக்கிவைக்க ஒரு கன்ட்ரோலர் இருக்கிறார். இங்கே தபாலும் நிலக்கரியும் ஒரே சாதி. யார் முன்னே என்ற கேள்வியே கணக்கில் இல்லை. ஆட்டக்காரர்கள்தான் சிக்னல்களை வரிசையாக நட்டு அந்த முன்னுரிமையைக் கையால் கட்டிக்கொள்கிறார்கள். எண்களை எழுதியவர் விட்ட இடத்தை இப்படி இரும்பால் நிரப்பும் இந்தக் கைவேலையைப் பற்றி இன்று ஒரு கட்டுரையும் இல்லை. கேள்வி நேரத்தில் யாராவது எழுப்புவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.