சேணத்திற்கு முன் தீவனம்



குதிரை என்றதும் உங்களுள் சிலருக்கு ஐயனார் கோயிலின் மண்குதிரை நினைவுக்கு வரும். சிலருக்கு உதகையிலோ கொடைக்கானலிலோ காசு கொடுத்து ஐந்து நிமிடம் சவாரி செய்த அனுபவம் நினைவுக்கு வரும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இவ்விரண்டிலும் வேறானது. சிறுவர்கள் தங்கள் மட்டக்குதிரைகளோடு ஒன்றாகத் தங்கிப் பயிலும் கோடை முகாமைப் பற்றியே பேசப் போகிறேன். அம்முகாம் வளர்ந்த நாடு இங்கிலாந்து. ஆயினும் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு அதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு.

மட்டக்குதிரை என்பது குட்டிக் குதிரை அன்று. முழு வளர்ச்சி பெற்ற பின்னும் உயரத்தில் குறைந்து நிற்கும் குதிரை அது. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் அளந்தால், பொதுவாக 148 சென்டிமீட்டருக்கு மேற்படாது. சிறுவர்கள் ஏறுவதற்கு அதுவே ஏற்றது.

1929ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'போனி கிளப்' என்னும் சங்கம் தோன்றியது. சிறுவர்க்குக் குதிரையேற்றமும் குதிரைப் பராமரிப்பும் கற்பிப்பது அதன் நோக்கம். இன்று பல நாடுகளில் அச்சங்கம் பரவியிருக்கிறது. கோடை விடுமுறையில் அதன் கிளைகள் முகாம் நடத்துகின்றன. அங்கே பொழுது எவ்வாறு விடிகிறது என்று கேளுங்கள். எழுந்தவுடன் சிறுவன் முதலில் நாடிச் செல்வது லாயத்தைத்தான். குதிரைக்குத் தண்ணீரும் தீவனமும் வைக்க வேண்டும்; சாணத்தை அள்ளிக் கொட்டிலைத் துப்புரவாக்க வேண்டும். அதன் பின்னரே அவனுக்குக் காலை உணவு. பிறகு குதிரையின் மேனியைத் தேய்த்து, குளம்பின் அடிப்பள்ளத்தில் சிக்கிய கல்லையும் மண்ணையும் அகற்றி, சேணத்தையும் கடிவாளத்தையும் துடைத்து வைத்தால், பெரியவர்கள் வந்து பார்வையிடுவார்கள். இத்தனையும் முடிந்த பின்புதான் சவாரிப் பயிற்சி. அச்சங்கத்தின் தேர்வுகளிலும் ஏறி ஓட்டும் திறமை மட்டும் போதாது. குதிரையைப் பேணும் அறிவும் சோதிக்கப்படுகிறது.

இவ்வளவு கண்டிப்பு எதற்காக என்று நீங்கள் கேட்கலாம். காரணம் குதிரையின் உடம்பிலேயே இருக்கிறது. அதன் உருவத்தை நோக்க இரைப்பை மிகச் சிறியது. ஒரே வேளையில் நிறையத் தின்றால் துன்பப்படும். உண்டது ஒவ்வாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. ஆகவே சிறிது சிறிதாகப் பலமுறை உணவளிக்க வேண்டும். கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய நாற்புறமும் அதற்குத் தெரியும்; ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தெரியாது. பின்புறமாகச் சென்று திடீரெனத் தொடுபவனை அது உதைப்பது கெட்ட குணத்தால் அன்று, அச்சத்தால். இவற்றை அறிந்த சிறுவன் தோளின் பக்கமாக, மெல்லக் குரல் கொடுத்துக்கொண்டு அணுகுவான். அறியாதவன் சவுக்கைத் தேடுவான்.

பேணத் தெரியாமல் குதிரையை வாங்குவதால் விளையும் கேட்டுக்கு நம் நாட்டு வரலாறே சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுப் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், அவற்றுக்குப் பெரும்பொருள் செலவானதையும் எழுதியிருக்கிறார். அவற்றுள் மிகப் பலவும் ஆண்டு முடிவதற்குள் மாண்டன என்றும், தக்க பராமரிப்பு இல்லாமையே காரணம் என்றும் அவர் குறித்துள்ளார். பொற்காசு குதிரையை வாங்கிற்று. அதை உயிரோடு வைத்திருக்க வேண்டிய அறிவை வாங்கவில்லை.

நம் முன்னோர் குதிரையை அன்போடு போற்றியதற்கும் சான்று உண்டு; அதுவும் நம் பக்கத்திலேயே உண்டு. நாமக்கல்லுக்கு அருகே நிற்கும் கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் ஊர்ந்த குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனோடு பொருத காரியின் குதிரைக்குப் பெயர் காரி. சிறுபாணாற்றுப்படை இச்செய்தியைக் கூறுகிறது. தலைவனுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் வழங்கிற்று என்றால், அவ்விரண்டு உயிர்களும் எவ்வளவு நெருங்கியிருந்திருக்க வேண்டும்! பாரதக் கதையில் நகுலன் விராடன் அரண்மனையில் மறைந்து வாழ்ந்தபோது குதிரைகளைப் பேணும் தொழிலையே மேற்கொண்டான். அரசகுமாரனுக்கு லாயவேலை இழிவாகத் தோன்றவில்லை.

இனி நம் சமவெளிக்கு வருவோம். இங்கே இத்தகைய முகாம் ஒன்று நடத்துவதாக வைத்துக்கொள்வோம். தீவனத்திற்குக் குறைவில்லை. மானாவாரி நிலத்தில் விளையும் கொள்ளு நமக்குப் புதிதன்று. மருத்துவ அறிவுக்கும் குறைவில்லை. நாமக்கல்லில் 1985ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரைகளைக் காண விரும்பினால், காவிரிக்கு அப்பால் அந்தியூர் குருநாதசுவாமி கோயிலில் ஆடித் திருவிழாவின்போது கூடும் சந்தைக்குச் செல்லலாம்.

ஆனால் ஒரு பெரிய தடை எழுகிறது. அது நம் வெயில். இங்கிலாந்தின் கோடை குதிரைக்கு இதமானது. நம் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் சித்திரை, வைகாசியிலோ இச்சமவெளி அனலாய்க் காய்கிறது. குதிரை மேனி முழுதும் வியர்த்துத்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அவ்வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறிவிடும். வண்டி இழுக்கும் விலங்குகளுக்கும் பொதி சுமக்கும் விலங்குகளுக்கும் என்று 1965ஆம் ஆண்டில் மைய அரசு விதிகள் வகுத்தது. வெப்பம் 37 டிகிரி செல்சியசுக்கு மேற்படும் இடங்களில், நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றை வேலை வாங்கலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. மட்டக்குதிரையின் மேல் 70 கிலோவுக்கு மேல் பொதி ஏற்றலாகாது என்பது மற்றொன்று. பொதிக்கு உள்ள இந்த நியாயம் விளையாட்டுச் சவாரிக்கு இல்லாமற் போகுமா?

எனவே, நமக்கு விடுமுறை கிடைக்கும் நேரம் குதிரைக்குத் துன்பமான நேரம். இவ்விரண்டில் எதற்கு நாம் இணங்குவது? இக்கேள்விக்கு விடை சொல்லும்போதே முகாமின் முதற்பாடம் தொடங்கிவிடுகிறது. குதிரையின் உடம்பை முன்வைத்தால், விடியலில் சிறிது நேரம் மட்டுமே சவாரி செய்து, பகலில் மரநிழலில் பாடம் கேட்கலாம். அல்லது 1,500 மீட்டர் அளவு உயரமுள்ள ஏற்காட்டு மலைக்கு முகாமைக் கொண்டு செல்லலாம். அல்லது தை மாதத்துப் பொங்கல் விடுமுறையே போதும் என்று அமையலாம். 'எனக்கு இப்பொழுது ஆசையாக இருக்கிறது. ஆகவே அது இப்பொழுதே ஓட வேண்டும்' என்பது மட்டும் விடையாகாது.

எல்லோராலும் குதிரை வாங்க முடியாது என்பதை நான் அறிவேன். அதன் செலவு பெரிது. வாங்கி அலுத்துப்போய்த் தெருவில் விடப்படும் குதிரைக்கு நேரும் கதி கொடிது. அதனினும் வாங்காதிருப்பதே நன்று. ஆனால் முகாமின் நெறியைப் பின்பற்றக் குதிரை கட்டாயம் வேண்டும் என்பதில்லை. உங்களுள் பலர் வீட்டுத் தொழுவத்தில் ஒரு கன்றோ வெள்ளாடோ இருக்கும். வரும் விடுமுறையில் ஒரு வாரம் அதன் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்குத் தண்ணீர் காட்டிய பின்பு நீங்கள் காலை உணவு உண்ணுங்கள். அதன் குளம்பைப் பாருங்கள். வெயில் திரும்புமுன் நிழல் மாற்றிக் கட்டுங்கள். படுக்கப் போகுமுன் தொட்டியில் நீர் இருக்கிறதா என்று ஒருமுறை நோக்குங்கள். அன்றைக்கு மழை பெய்தாலும், விளையாட்டுக்கு நண்பர்கள் அழைத்தாலும் வேலையைத் தவற விடாதீர்கள்.

உங்களுள் சிலர் நாளை அலுவலகங்களில் மேலதிகாரிகளாக அமர்வீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள், சிலர் தொழில் நடத்துவீர்கள். அப்போது உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மனிதர்கள் சிலர் இருப்பார்கள். தன் பசிக்கு முன் வாயில்லா உயிரின் பசியை எண்ணப் பழகியவன் கையில் அந்த அதிகாரம் இருப்பது நாட்டுக்கு நலம். கடிவாளத்தைப் பிடிக்கும் உரிமை தீவனக் கூடையைச் சுமந்தவனுக்கே உண்டு.