இரண்டு திருமணங்களும் ஒரு கடிதமும்

சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்து அரசு ஆவணக் காப்பகத்திலே 1109ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற கடிதம் ஒன்று உள்ளது. ஐரோப்பாவில் இன்று எஞ்சியுள்ள காகித ஆவணங்களுள் மிகப் பழையது அதுவே என்பர். கிரேக்கம், அரபு ஆகிய இரு மொழிகளில் அமைந்தது. ஒரு மடத்துத் துறவிகளைக் காக்கும்படி அதிகாரிகளுக்கு அதில் கட்டளை பிறப்பித்தவர் அடிலெய்டு என்னும் கைம்பெண்.

வட இத்தாலியப் பிரபுக் குடும்பத்தில் பிறந்த இவரை, சிசிலியை வென்ற நார்மானியத் தலைவர் முதலாம் ரோஜர் 1089இல் மூன்றாம் மனைவியாக மணந்தார். 1101இல் ரோஜர் மறைந்தார். சிறுவனாகப் பட்டமேற்ற மூத்த மகன் சைமனும் 1105இல் இறந்தான். எஞ்சிய இளைய மகன் ரோஜருக்குப் பத்து வயதும் நிரம்பவில்லை. 1112இல் அவன் உரிய பருவம் எய்தும்வரை ஆட்சிப் பொறுப்பைத் தாயே தாங்கினார்.

வேற்று மொழி வழங்கும் ஊரில், மனு எழுதப் பிறர் துணையை நாடிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அத்தீவிலோ ஆள்வோரின் ஆணையே குடிகளின் மொழிகளில் சென்றது. நாம் அடிலெய்டை மதிப்பது முதலில் இதற்காகவே.

இத்தகைய ஆட்சித் திறம் வாய்ந்தவரை இரண்டாம் திருமணம் வீழ்த்தியது. ஜெருசலேம் மன்னர் முதலாம் பால்டுவினுக்குப் பொருள் முடை; படைவீரர்க்குச் சம்பளம் கொடுக்கவும் வழியில்லை. அடிலெய்டின் செல்வத்தை நாடிப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். பிள்ளைப்பேறு இல்லையேல் ஜெருசலேம் அரசு ரோஜருக்கே உரியது என்று உடன்படிக்கை எழுதினார்கள். மணமகளுக்கு வயது ஏறத்தாழ நாற்பது. தாய் தம்மையே விலையாகக் கொடுத்து மகனுக்கு ஓர் அரியணை வாங்க முனைந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1113இல் பொன்னும் பொருளும் நிறைந்த கப்பல்களோடு அவர் ஆக்கர் துறைமுகத்தில் வந்து இறங்கினார். பால்டுவினின் முந்தைய மனைவியாகிய ஆர்மீனியப் பெண் அப்போது உயிரோடிருந்தார். அத்திருமணம் முறைப்படி நீக்கப்படவும் இல்லை. மணத்தை நடத்திவைத்த சமயத் தலைவருக்கு இது தெரியாததா? தெரிந்தே கண்மூடினார். கொண்டுவந்த பொருள் கரைந்தது. 1117இல் மன்னர் நோயுற்றபோது, அயலவனான ரோஜர் அரசுரிமை கேட்பானே என்ற அச்சம் பிரபுக்களைப் பற்றியது. அப்போதுதான் பழைய மனைவியின் நினைவு எல்லோருக்கும் வந்தது! திருமணம் செல்லாதெனத் தள்ளப்பட்டது. அடிலெய்டு வெறுங்கையராய்ச் சிசிலிக்குக் கப்பலேறினார்.

1118 ஏப்ரல் 2ஆம் நாள் பால்டுவின் இறந்தார். அடுத்த இரு வாரங்களில், 16ஆம் நாள், அடிலெய்டும் மறைந்தார். சிசிலியின் பத்தி என்னும் ஊர்த் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. மகன் ரோஜர் 1130இல் சிசிலியின் மன்னனாக முடிசூடினான். அன்னைக்கு நேர்ந்த அவமதிப்பால் அவனும் அவன் வழியினரும் ஜெருசலேம் அரசைத் தீராப் பகையோடு வெறுத்தனர் எனத் தீர் நகரப் பேராயர் வில்லியம், அந்த அரசின் வரலாற்றை எழுதியவர், பிற்காலத்தில் வருந்திக் குறித்திருக்கிறார்.