வெயிலும் குழந்தைகளின் இரைப்பு நோயும்



கிராம முன்னேற்றம் என்றதும் சாலை, கிணறு, பள்ளிக் கட்டிடம் ஆகியவையே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. இரவெல்லாம் மூச்சுவிட இயலாமல் உட்கார்ந்தே விழித்திருக்கும் குழந்தையும், அதன் முதுகைத் தடவிக்கொண்டே விடியலை எதிர்நோக்கும் தாயும் அத்துணை எளிதில் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும், அத்தகைய வீடு இல்லாத ஊர் அரிது. அக்குழந்தைகளின் நலனைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

ஆஸ்துமா என்னும் இரைப்பு நோய்க்கும், வைட்டமின் 'டி' என்னும் உயிர்ச்சத்துக்கும் தொடர்பு உண்டு என்ற பேச்சு சில ஆண்டுகளாகப் பரவி வருகிறது. இரத்தத்தில் இச்சத்துக் குறைவதால்தான் இரைப்பு வருகிறது என்றும், சத்து மருந்து கொடுத்தால் இரைப்பு நீங்கிவிடும் என்றும் சொல்வோர் உளர். இது மெய்தானா என்று ஆராய்வது நம் கடமை. ஏனெனில், இதனை நம்பி ஒரு தாய் மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டால், குழந்தையின் உயிருக்கே இடையூறு நேரக்கூடும்.

முதலில் இச்சத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம். ரிக்கெட்ஸ் என்னும் நோயால் எலும்பு மெலிந்து கால் வளைந்த குழந்தைகள் அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் மிகுதியாக இருந்தனர். 1919ஆம் ஆண்டில் பெர்லின் நகர மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி, அத்தகைய குழந்தைகளின் உடலில் புற ஊதாக் கதிர் விளக்கின் ஒளியைப் படச் செய்து அவர்களைக் குணப்படுத்திக் காட்டினார். மீன் எண்ணெயில் இந்நோயைத் தீர்க்கும் தனிச் சத்து ஒன்று உள்ளதென அமெரிக்க அறிஞர் மெக்காலம் 1922இல் நிலைநாட்டினார். அதற்கே வைட்டமின் 'டி' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் படும்போது இச்சத்து நம் உடலிலேயே உண்டாகிறது. பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஏற்றுக்கொள்ள உதவுகிறது. எலும்பு உறுதிப்படுவதற்கு இது இன்றியமையாதது.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டில் இச்சத்துக் குறையுமோ என்று நீங்கள் கேட்கலாம். 2016 முதல் 2018 வரை இந்திய நாடு முழுவதும் குழந்தைகளின் ஊட்ட நிலை ஆராயப்பட்டது. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளில் 14 விழுக்காட்டினருக்கும், ஐந்து முதல் ஒன்பது வயதினரில் 18 விழுக்காட்டினருக்கும், பத்து வயதுக்கு மேற்பட்ட இளம் பருவத்தினரில் 24 விழுக்காட்டினருக்கும் இச்சத்துக் குறைவு காணப்பட்டது. வயது ஏற ஏறக் குறைவும் ஏறுவதைக் கவனியுங்கள். வெயில் எங்கும் போய்விடவில்லை. நம் பிள்ளைகள்தாம் வெயிலைவிட்டு உள்ளே போய்விட்டனர்.

இனி இரைப்பு நோய்க்கு வருவோம். நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் சிறு குழாய்களின் உட்புறம் அழற்சியால் வீங்கி, சளி சுரந்து, சுற்றியுள்ள தசையும் இறுகிப்போவதே இந்நோயின் இயல்பு. சளிக் காய்ச்சல், புகை, தூசி முதலியவை இதனைத் தூண்டிவிடுகின்றன. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களின் மீதும் வைட்டமின் 'டி' செயற்படுகிறது என்று அறிந்த பின்னர், இரைப்பையும் அது தணிக்கக்கூடும் என்று அறிஞர்கள் கருதியது இயற்கையே.

இக்கருத்துக்குச் சான்றுகளும் கிடைத்தன. மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா என்றொரு சிறு நாடு உண்டு. நம் மதுரை அமைந்துள்ள அட்சரேகையில்தான் ஏறத்தாழ அந்நாட்டின் தலைநகரும் அமைந்துள்ளது. அங்கே இரைப்பு நோயுள்ள 616 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2009இல் வெளியாயிற்று. அவர்களுள் 28 விழுக்காட்டினருக்கு இச்சத்து போதுமான அளவில் இல்லை. சத்துக் குறைந்த குழந்தைகளே மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிலையை அதிகமாக அடைந்தனர் என்பதும் தெரிய வந்தது.

இதைக் கேட்டவுடன், சத்துக் குறைவே நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடலாமா? உழவர் பெருமக்கள் இதற்கு நன்கு விடை கூறுவர். ஒரு வயல் செழித்திருக்கிறது. அவ்வயலில் புதிய உரம் ஒன்று இடப்பட்டிருக்கிறது. உரத்தால்தான் பயிர் செழித்தது என்று அனுபவமுள்ள உழவர் உடனே நம்பிவிடமாட்டார். அவ்வயலுக்கு வண்டல் மண்ணும் நல்ல நீர்ப்பாய்ச்சலும் இருந்திருக்கலாம். ஒரே வயலை இரு பாத்திகளாகப் பிரித்து, ஒரே விதையை விதைத்து, ஒன்றில் உரமிட்டும் மற்றொன்றில் இடாமலும் வளர்த்து, இரண்டின் விளைச்சலையும் அளந்து பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

மருத்துவ அறிஞர்களும் அவ்வாறே செய்தனர். அமெரிக்காவில், இரைப்பு நோயும் சத்துக் குறைவும் ஒருங்கே உடைய 192 குழந்தைகளை, ஆறு முதல் பதினாறு வயது வரையுள்ளோரை, இரு சம பிரிவுகளாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 4,000 யூனிட் வைட்டமின் 'டி' அளித்தனர். மற்றப் பிரிவினருக்குத் தோற்றத்தில் அதைப் போன்ற வெறும் மாத்திரையை அளித்தனர். இரு பிரிவினரும் வழக்கமான இரைப்பு மருந்தையும் பெற்று வந்தனர். 48 வாரங்கள் இது நடைபெற்றது. சத்து மருந்து உண்டவர்களின் இரத்தத்தில் அச்சத்து நன்கு உயர்ந்தது. ஆனால் இரைப்பு தணியவில்லை. கடும் இரைப்புக்கு ஆளானவர்கள் சத்து மருந்து பெற்ற பிரிவில் 36 பேர். பெறாத பிரிவில் 33 பேர். 2020இல் இம்முடிவு வெளியாயிற்று.

கருவுற்ற தாய்மார்களுக்கு இச்சத்தை மிகுதியாக அளித்தால் பிறக்கும் குழந்தைக்கு இரைப்பு வராதோ என்றும் பார்த்தனர். மூன்று வயது வரை சிறிது பயன் இருப்பது போல் தோன்றியது. ஆயினும் உறுதி கூறும் அளவுக்கு அது இல்லை. குழந்தைகள் ஆறு வயதை எட்டியபோது இரு பிரிவினரிடையே வேறுபாடு காணப்படவில்லை. உலகில் நடந்த இத்தகைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டிய நிபுணர்கள், 2016இல் சத்து மருந்தால் கடும் இரைப்புக் குறைகிறது என்றே கருதினர். பின்னர் மேலும் பல ஆய்வுகள் வந்து சேர, 1,155 குழந்தைகளையும் 1,070 பெரியவர்களையும் உள்ளடக்கிய 20 ஆய்வுகளை 2023இல் மீண்டும் சீர்தூக்கிப் பார்த்தனர். அப்பயன் மெய்ப்படவில்லை.

அப்படியாயின், இரைப்புள்ள குழந்தைகளிடம் சத்துக் குறைவு ஏன் காணப்படுகிறது? ஓடினால் மூச்சு வாங்கும் என்று அஞ்சி, அக்குழந்தையை நாம் வீட்டிற்குள்ளேயே அடைத்து வைக்கிறோம். வெளியே ஆடாத குழந்தைக்கு வெயில் ஏது? நோய் மிகுந்ததால் வெயில் குறைந்து, வெயில் குறைந்ததால் சத்தும் குறைந்திருக்கக்கூடும் அல்லவா? காரணம் எது, விளைவு எது என்று பிரித்தறிவது அத்துணை எளிதன்று.

இதனால் வெயில் வேண்டாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். எலும்புக்கு வைட்டமின் 'டி' வேண்டும். எனவே வெயிலும் வேண்டும். நம்மில் பலர் இளவெயிலே சிறந்தது என்று எண்ணுகிறோம். காலைச் சூரியன் சாய்ந்திருக்கும்போது தேவையான புற ஊதாக் கதிர் மிகக் குறைவாகவே நம்மை வந்தடைகிறது. திருப்பதியில் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையுள்ள வெயிலே இச்சத்தை நன்கு உண்டாக்குவதாகக் காட்டிற்று. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று இதனை நினைவில் கொள்ளலாம். கோடையில் குழந்தைகளை வெயிலில் வாட்டுதல் கூடாது. கையும் காலும் வெயிலில் படச் சிறிது நேரம் ஆடுவதே போதும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் இச்சத்து உண்டு. செறிவூட்டப்பட்ட பாலிலும் சமையல் எண்ணெயிலும் இது சேர்க்கப்படுகிறது. ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு நாள்தோறும் 400 யூனிட் சொட்டு மருந்து தருமாறு மருத்துவர்கள் அறிவுரை கூறுகின்றனர். அளவுக்கு மிஞ்சினால் இதுவும் தீங்கே. ஆலோசனையின்றிப் பெருமளவில் கொடுத்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து, வாந்தியும் மலச்சிக்கலும் சிறுநீரகக் கேடும் உண்டாகும்.

இரைப்புக்கு உரிய மருந்து வேறு. மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்தே அதற்குச் சிறந்தது. இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது என்ற அச்சம் ஆதாரமற்றது. மருந்து நேரே நுரையீரலைச் சேர்வதால், மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதுமானது. அழற்சியைத் தணிக்கும் மருந்தை, இரைப்பு இல்லாத நாட்களிலும் மருத்துவர் சொன்னபடி தொடர்ந்து கொடுத்தல் வேண்டும். சிறு குழந்தைக்கு இன்ஹேலருடன் ஸ்பேசர் என்னும் குடுவை தேவை. அதனை வாங்க வசதி இல்லாத இடங்களில், அரை லிட்டர் பிளாஸ்டிக் புட்டியின் அடியில் இன்ஹேலர் பொருந்துமாறு துளையிட்டுப் பயன்படுத்தலாம் என்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகர மருத்துவர்கள் 1999இல் ஆய்ந்து காட்டினர். இதனைச் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

வீட்டிலே செய்யக்கூடியதும் உண்டு. விறகடுப்புப் புகை, கொசுவர்த்திப் புகை, பீடிப் புகை ஆகியவற்றிலிருந்து குழந்தையை விலக்கி வைப்போம். குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் அன்பினால் வந்ததே. எனினும், இரைப்புள்ள குழந்தைக்கு அது துன்பமே தரும். குழந்தை ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் திணறினாலோ, மூச்சிழுக்கும்போது விலாப்பகுதி உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாது 108 வண்டியை அழைக்க வேண்டும்.

அங்கன்வாடிச் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கும் ஒருமுறை பள்ளிக்கும் வருகின்றனர். அவர்கள் கண்டறிய வேண்டிய நோய்களின் பட்டியலில் ரிக்கெட்ஸும் உண்டு, இரைப்பும் உண்டு. இரண்டும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனியே மருத்துவம் வேண்டும். இரவில் இருமும் குழந்தை யார், ஓடும்போது நின்று மூச்சு வாங்கும் குழந்தை யார் என்பதை உங்களைவிட நன்கு அறிந்தவர் இலர். அக்குழந்தையின் பெயரைக் குழுவினர் வரும் நாளுக்கு முன்பே குறித்து வைத்திருங்கள்.

முறையாக மருந்து பெறும் இரைப்புக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே ஓடியாடலாம். ஆடும் குழந்தைக்கு வெயில் தானே கிடைக்கும். ஆகவே, மருந்தை முதலில் கொடுப்போம். பிறகு கதவைத் திறந்து விளையாட விடுவோம்.