அஞ்சும் பரியும் அஞ்சாத கையும்

வாகட்டில் வாழும் தமிழ்ப் பெருமக்களே!

குதிரையேற்றம் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். இம்மண்ணுக்கு ஏற்ற பொருளே. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மராட்டியக் கோட்டைகள் 12. அவற்றுள் நமக்கு அண்மையிலுள்ள லோகட் உட்பட 11 மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. செஞ்சி என்றதும் தமிழர் நாவில் எழும் பெயர் தேசிங்குராஜன்.

பந்தேல ராஜபுத்திரக் குடியில் பிறந்த அவ்விளைஞன், 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து மாண்டான். எவருக்கும் அடங்காத தில்லிக் குதிரையை அவன் அடக்கினான் என்று கதைப்பாடல் கூறும். முரட்டுக் குதிரையை அடக்குவது எதனால்? கைவலிமையாலா?

கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் வேறு விடை தருகிறார். புசெபாலஸ் என்னும் குதிரையை எவராலும் நெருங்க இயலவில்லை. முரட்டுக் குதிரை என்று எல்லாரும் கைவிட்டனர். சிறுவன் அலெக்சாந்தர் மட்டும், அது தன் நிழலைக் கண்டே மிரள்வதை உணர்ந்தான். அதன் முகத்தைக் கதிரவன் பக்கம் திருப்பினான், தடவிக் கொடுத்தான், பின்னரே ஏறினான். பிறர் பிடிவாதம் என்றதை அவன் அச்சம் என்று கண்டான்.

குதிரை மந்தையில் வாழும் விலங்கு. பக்கவாட்டில் அமைந்த கண்களால் ஏறத்தாழ எல்லாத் திசையையும் காணும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ளவை மட்டும் தெரியா. மந்தையில் ஒன்று மேய மற்றொன்று காவல் நிற்கும். தனியே செல்லும்போதோ காவல் முழுவதும் அதன் தலையில். வேலியில் படபடக்கும் பிளாஸ்டிக் பையும், தொலைவில் முழங்கும் டோலும் அதற்குப் புலியாகின்றன. கால் ஊன்றி நிற்கிறது. லாயத்தை நோக்கித் திரும்புகிறது.

அப்போது சாட்டையை ஓங்கினால், “அஞ்சியது சரியே; வலி வந்துவிட்டது” என்று கற்கும். உடனே வீடு திருப்பினாலோ, “மறுத்தால் வீடு செல்லலாம்” என்று கற்கும். இரண்டும் கேடு. அஞ்சும் பொருளுக்குச் சற்று அப்பால் நிறுத்துக. கடிவாளத்தைச் சிறிது தளர்த்துக. சீராக மூச்சு விடுக. ஏறியிருப்பவன் உடலின் இறுக்கத்தைக் குதிரை அறியும். அது தலை தாழ்த்திப் பெருமூச்சு விட்டபின் ஓர் அடி. பிறகு கழுத்தில் ஒரு தட்டு. இன்று வாயில் வரை, நாளை மரம் வரை போதும். தேவையானால் இறங்கி நடத்திச் செல்வதில் இழிவில்லை. சேணம் உறுத்துகிறதா, முதுகு வலிக்கிறதா என்பதையும் முன்னரே பார்த்திடுக. தலைக்கவசம் அணிக, செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிச் செல்க. நெடுஞ்சாலையைத் தவிர்க்க.

தனியே செல்லும் குதிரைக்கு ஏறியிருப்பவனே மந்தை. அவன் கலங்கினால் அதற்குப் புகலிடம் இல்லை.

பெற்றோர்களே! ஊர்விட்டு ஊர் வந்து, மொழி தெரியாத பள்ளியின் வாயிலில் கால் ஊன்றி நிற்கும் குழந்தையும் நம் இல்லங்களில் உண்டு. பிடிவாதம் என்று கை ஓங்குமுன், அது எந்த நிழலைக் கண்டு அஞ்சுகிறது என்று பாருங்கள். அருகில் நின்று, முகத்தை மெல்ல ஒளியின் பக்கம் திருப்புங்கள். நடை தானே வரும்.